மாதம் ஆயிரம் ரூபாவில் ஒரு நாணயச் சேகரிப்பு

களுவாஞ்சிகுடியில் ஆசிரியராகப் பணியாற்றும் ஒருவர் மூன்று விடயங்களைக் கேட்டிருக்கிறார். மாதம் ஆயிரம் ரூபாவுக்கு மேல் ஒதுக்க வழியில்லாத ஒருவரால் ஏதேனும் ஒரு கருப்பொருளை மையமாக வைத்து நாணயங்களைச் சேர்க்க முடியுமா என்பது முதலாவது. முடியுமானால் எந்தப் பொருளைத் தெரிவு செய்வது என்பது இரண்டாவது. அம்மம்மா வைத்துவிட்டுப் போன பால்மாப் பேணி ஒன்றில் பழைய சதக் குற்றிகள் நிறையக் கிடக்கின்றன, அவற்றைத் துலக்கி விற்று, வரும் பணத்தில் தொடங்கலாமா என்பது மூன்றாவது.

முதற் கேள்விக்கு முடியும் என்பதே என் பதில். ஆனால் அந்தப் பதில், இரண்டாவது கேள்வியில் நீங்கள் எடுக்கும் முடிவையே முழுக்க நம்பியிருக்கிறது. ‘இலங்கையின் எல்லா நாணயங்களும்’ என்று தொடங்குபவர்களின் அல்பத்தில் 1821 ஆம் ஆண்டின் யானை பொறித்த இறைசால் என்ற பழைய வெள்ளிக் காசுக்கான இடம் எப்போதும் வெறுமையாகவே இருக்கும். அந்த வெறுமைக்கு முன்னால் மற்றக் காசுகள் எல்லாம் இடத்தை நிரப்ப வைத்தவைபோலத் தோன்றத் தொடங்கும். ஆகையால், எந்தப் பொருளில் எல்லோர் கையிலும் புழங்கிய மலிவான காசே முதன்மையான காசாக இருக்கிறதோ, அந்தப் பொருளைத் தெரிவு செய்யுங்கள். அப்போது பணம் குறைவு என்பதால் சேகரிப்பில் ஒரு குறையும் வராது. அத்துடன் பட்டியலுக்கு ஒரு முடிவும் இருக்க வேண்டும். ‘விலங்குகள்’ என்ற பொருளுக்கு எல்லையே இல்லை. முப்பது, நாற்பது குற்றிகளுக்குள் நிறைவடையும் பொருள் ஒன்றே சிறிய கைக்கு ஏற்றது.

இதற்கு நான் முதலில் காட்டக்கூடியவை இரண்டாம் உலகப் போர்க்காலத்து இலங்கைக் காசுகள். மட்டக்களப்பாருக்கு அந்தப் போர் தூரத்துச் செய்தியன்று. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் இன்றும் எங்கள் கரைக்கு அப்பால் கடலடியில் கிடக்கிறது. அதே ஆண்டில் எங்கள் ஊரவர் மடியில் முடிந்து வைத்திருந்த காசும் மாறத் தொடங்கியது. 1909 முதல் செப்பு நிக்கல் கலவையில் அடிக்கப்பட்டு வந்த சதுர வடிவ ஐந்து சதம் 1942 இல் நிக்கல் பித்தளைக்கு மாறி, 1944 இல் இன்னும் மெல்லியதாயிற்று. ஐம்பது சதம் வெள்ளியில் கடைசியாக வந்தது 1942 இல். மறு ஆண்டே அது பித்தளையில் வந்தது. இருபத்தைந்து சதமும் 1943 இல் பித்தளையானது. பத்துச் சதம் 1944 இல், விளிம்பு பூவிதழ்போல வளைந்த புதிய வடிவத்தில் வந்தது. வெண்கல ஒரு சதத்தைக்கூட 1942 இலிருந்து மெல்லியதாக அடித்தார்கள். இவ்வளவு செய்தும் சில்லறை போதாமல், அந்த ஆண்டில் சதங்களுக்கே தாள்கள் அச்சிடப்பட்டன. ஐந்து சதத் தாளில் முத்திரைகளுக்கு இருப்பதுபோன்ற துளைவரிசை ஓடியது, இரண்டு சதம், மூன்று சதம் என அதைக் கிழித்துக் கொடுக்கலாம்.

இந்தக் குற்றிகளை ஆண்டுவாரியாகப் பிரித்து எண்ணினாலும் பித்தளையும் வெண்கலமுமாக ஏறத்தாழப் பன்னிரண்டுதான் வரும். அவற்றில் பெரும்பாலானவை தேய்ந்த நிலையில் மிக மலிவாகக் கிடைப்பவை. ஆனால் வெள்ளியும் நிக்கலும் போருக்குத் தேவைப்பட்டதால் குடிமக்களின் கையில் பித்தளை வந்து சேர்ந்தது என்ற செய்தியை இந்தத் தேய்ந்த பித்தளையால் மட்டுமே சொல்ல முடியும். இதில் விலை உயர்ந்த காசு ஒன்று வந்து செய்யக்கூடிய வேலை எதுவும் இல்லை.

இன்னும் குறுக்கிக்கொள்ள விரும்பினால், இரண்டு சதக் குற்றியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். நான் மனமறிந்து பரிந்துரைக்கும் பொருள் இதுவே. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பத்துச் சதத்தைப் போலவே வளைந்த விளிம்புடன் இரண்டு சதம் முதன்முதலில் 1944 இல் வந்தது. அந்தக் குற்றியையும் 1951 ஆம் ஆண்டின் குற்றியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இடப்பக்கம் நோக்கிய ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூடிய தலை, இரண்டும் பித்தளை, அளவும் ஒன்றே. ஆனால் தலையைச் சுற்றி ஓடும் எழுத்தை உருப்பெருக்கியால் வாசித்தால், முதலாவதில் அவர் மன்னரும் இந்தியாவின் சக்கரவர்த்தியுமாவார்; இரண்டாவதில் வெறும் ஆறாம் ஜோர்ஜ் மன்னர். இடைப்பட்ட காலத்தில் இந்தியாவும் இலங்கையும் சுதந்திரம் பெற்றுவிட்டன. 1955 இலும் 1957 இலும் வந்த இரண்டு சதத்தில் எலிசபெத் மகாராணியின் தலை இருக்கிறது. இலங்கையில் சாதாரணப் புழக்கத்துக்காக அடிக்கப்பட்ட காசுகளில் மகாராணியின் உருவம் இந்த இரண்டு சதத்தைத் தவிர வேறெதிலும் வரவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1963 இல் அரசியின் தலை போய், இலங்கையின் அரச இலச்சினை வந்தது. பித்தளையும் போய், கையில் எடுத்தால் பாரமே தெரியாத அலுமினியம் வந்தது. 1972 இல் நாடு குடியரசாகி இலச்சினையும் மாறிய பின்னர், அந்தப் புதிய இலச்சினையுடன் 1970களின் பிற்பகுதியில் சில ஆண்டுகளுக்கு அடிக்கப்பட்டு, பின் நின்றுபோனது. சக்கரவர்த்தி, மன்னர், மகாராணி, சுதந்திர நாடு, குடியரசு ஆகிய ஐந்து நிலைகளும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள், ஒரே பெறுமதியில், ஒரே வடிவத்தில் அடங்கிய வேறொரு இலங்கைக் காசு எனக்குத் தெரியாது. இதற்கு ஆகும் செலவோ மிகச் சிறியது.

தமிழ் எழுத்து பொறித்த காசுகள் என்பது மற்றொரு நல்ல பொருள். பாடசாலையில் மாணவருக்குக் காட்டுவதற்கு இதைவிட ஏற்றது இல்லை. எங்கள் சதக் குற்றிகளிலேயே தொடங்கலாம், ஏனெனில் தாளிப்பனை பொறித்த பழைய குற்றிகளில் பெறுமதி சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறது. 1985 இல் தொடங்கிய சிங்கப்பூரின் இரண்டாவது நாணயத் தொடரில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் இருக்கிறது, அவற்றுள் தமிழும் ஒன்று. இந்தியா 1995 இல் எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டித் திருவள்ளுவர் உருவத்துடன் வெளியிட்ட காசுகளையும், 2009 இல் அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டுக்காக அவருடைய தமிழ்க் கையொப்பத்துடன் வெளியிட்ட ஐந்து ரூபாவையும் சேர்த்துக்கொள்ளலாம். சிதம்பரத்துக்கோ திருச்சிக்கோ போய்வரும் உறவினரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் மீதிச் சில்லறையிலேயே ஒன்றிரண்டு வந்து சேரும். யாழ்ப்பாண அரசர்கள் வெளியிட்ட, படுத்திருக்கும் நந்தியுடன் ‘சேது’ என்று தமிழில் பொறித்த செப்புக்காசுகள் இந்த வரிசைக்கு முன்னோடிகள். ஆயினும் உங்கள் நிதிக்கு அவற்றை நூதனசாலையில் பார்த்துப் படமொன்றை அல்பத்தின் முதற் பக்கத்தில் வைத்துக்கொள்வதே தகும்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அது கிழக்கு மாகாணத்துக்காரருக்கு மற்றவர்களைவிட எளிது. கல்முனையிலும் காத்தான்குடியிலும் வாழைச்சேனையிலும் அக்கரைப்பற்றிலும் வளைகுடா நாடுகளுக்கு ஒருவரேனும் போய் உழைத்துத் திரும்பாத தெரு இல்லை. திரும்பி வந்தவர்களின் பயணப்பைகளின் அடியில் மாற்றமுடியாத சில்லறைகள் பல ஆண்டுகளாகக் கிடக்கின்றன. வங்கிகள் நாணயத்தாள்களை மாற்றுமேயன்றிக் குற்றிகளை வாங்குவதில்லை. குவைத்தின் பில்ஸ் குற்றிகளிலும் கட்டாரின் குற்றிகளிலும் ஐக்கிய அரபு அமீரகத்தின் பத்து பில்ஸிலும் பாய்க்கப்பல் இருக்கிறது. மாலைதீவு 1984 இல் வெளியிட்ட தொடரில் சூரைமீனும் தோணியும் ஆமையும் வருகின்றன. மீன்பாடும் தேனாடாகிய மட்டக்களப்பில் பிறந்த ஒருவர் ‘கடலும் கலமும்’ என்று ஒரு பொருளை வகுத்து, இந்தச் சில்லறைகளையே ஏறத்தாழச் செலவில்லாமல் சேர்க்கலாம். ஒவ்வொரு குற்றியையும் தந்தவர் எந்த ஆண்டில், எந்த நாட்டில், என்ன வேலை செய்தார் என்பதை அவர் சம்மதத்துடன் ஒரு சிறு அட்டையில் எழுதி அதனுடன் வைத்தால், விலைகொடுத்து வாங்கிய எந்தச் சேகரிப்பிலும் காணமுடியாத ஒன்று உங்களிடம் உருவாகும். எங்கள் தாய்மார் எத்தனை பேர் அந்தச் சில்லறைக்காகப் பிள்ளைகளைப் பிரிந்து போனார்கள் என்பதை நினைத்தால், அந்தக் குற்றிகள் கவனிப்பாரற்றுக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அம்பாறைப் பக்கத்து வயற்காரக் குடும்பத்தில் பிறந்தவருக்கு நெல்லும் நீர்ப்பாசனமும் பொருளாகலாம்: உலக உணவு விவசாய நிறுவனத்துக்காக 1968 இல் பராக்கிரமபாகு மன்னரின் உருவத்துடன் வந்த இரண்டு ரூபா, 1981 இன் மகாவலி அணைக்கட்டு இரண்டு ரூபா, 1995 இல் அதே நிறுவனத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு வந்த இரண்டு ரூபா, நெற்கதிர் பொறித்த ஜப்பானின் ஐந்து யென் என்று தொடரலாம். 2013 இல் மத்திய வங்கி இருபத்தைந்து நிருவாக மாவட்டங்களுக்கும் தனித்தனியாக வெளியிட்ட பதினொரு பக்கப் பத்து ரூபாக் குற்றிகள் தாமாகவே ஒரு முழுமையான பொருள். மட்டக்களப்பு, அம்பாறைக் குற்றிகளை முதலில் தேடி வைத்துக்கொண்டு மற்றவற்றை வெளிமாவட்ட நண்பர்களிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

ஒல்லாந்தர் கோட்டைக்கு அருகில் வாழ்பவர்களுக்கு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் செப்புக்காசுகளில் ஆசை வருவது இயல்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் டொயிற் காசுகள் தேய்ந்த நிலையில் வாங்கக்கூடிய விலையில் கிடைப்பதும் உண்மை. ஆயினும் அவை நெதர்லாந்தில் அடிக்கப்பட்டு இங்கு கொண்டுவரப்பட்டவை. அந்நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிலேயே அடிக்கப்பட்டு, கொழும்புக்கு சீ, காலிக்கு ஜீ, யாழ்ப்பாணத்துக்கு ஐ, திருகோணமலைக்கு ரீ என்று எழுத்திடப்பட்டவை வேறு. அவற்றின் விலையும் வேறு. இரண்டையும் பிரித்தறியும் பழக்கம் வரும் வரையில் இந்தப் பக்கம் பணத்தைச் செலவிட வேண்டாம். வீடு கட்டத் தோண்டும்போது கிடைத்ததென்று சொல்லிக் கொண்டுவரப்படும் பழங்காசுகளை ஒருபோதும் வாங்காதீர்கள். நிலத்தில் புதைந்திருந்து வெளிப்படும் தொல்பொருட்கள் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி அரசுக்கு உரியவை. கண்டெடுத்தவர் அறிவிக்கக் கடமைப்பட்டவர். கண்டெடுத்தது என்று சொல்லப்படுவது புதிதாக வார்த்த போலியாக இருப்பதற்கும் வாய்ப்பு மிக அதிகம். இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து, 1818 என்ற ஆண்டும் கிழக்கிந்தியக் கம்பனியின் பெயரும் இட்டு, தெய்வசக்தி உள்ளதென்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்படும் குற்றிகள் எந்தக் காலத்திலும் நாணயமாக வெளியிடப்பட்டவை அல்ல.

நல்ல நிலையிலுள்ள ஒரு குற்றியை வாங்குவதா, தேய்ந்த பலவற்றை வாங்குவதா என்பது அடுத்து எழும் கேள்வி. சாதாரணக் காசுகளில் இவ்விரண்டுக்கும் உள்ள விலை வேறுபாடு சிறியதாகையால், மன்னரின் புருவமும் கிரீடத்தின் மணிகளும் தெளிவாகத் தெரியும் குற்றி கிடைக்கும் வரை பொறுத்திருப்பது நல்லது. ஆண்டு எழுத்து அழிந்ததை இலவசமாகத் தந்தாலும் பொருள்சார் சேகரிப்பில் அதற்கு இடமில்லை. தெரியாத ஒன்றைக் கண்டால் விளிம்பையும் திருப்பிப் பாருங்கள். 1984 இல் வந்த ஐந்து ரூபாவின் விளிம்பில் சீ.பீ.சீ. என்று இலங்கை மத்திய வங்கியின் பழைய ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் குழிந்திருக்கும். பெயர் மாறிய பின்னர் அடிக்கப்பட்டவற்றில் சீ.பீ.எஸ்.எல். என்று இருக்கும். கடைக்காரரின் கல்லாவிலிருந்து ஐந்து ரூபாவுக்கே இந்த வேறுபாட்டைப் பெற முடிந்த காலம் ஒன்று இருந்தது, இப்போதும் வீட்டு உண்டியல்களில் அவை அகப்படுகின்றன.

எங்கள் கரையில் காசைச் சேர்ப்பதைவிடக் காப்பது கடினம். வாவியும் கடலும் இருபுறமும் இருக்கும் ஊரில் காற்றே உப்பு. அந்த உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பையும் பித்தளையையும் மெல்லத் தின்னும். சட்டைப்பை போன்ற மெல்லிய பிளாஸ்ரிக் அறைகள் கொண்ட மலிவான அல்பங்கள் பெரும்பாலும் பீ.வீ.சீ. என்ற வகையைச் சேர்ந்தவை. புழுக்கத்தில் அவை ஒருவகைப் பிசினைக் கசியவிட்டு, ஓரிரு ஆண்டுகளில் குற்றியின் மேல் பச்சைப் படலத்தை உண்டாக்கிவிடும். அவற்றுக்குப் பதிலாக, நடுவில் தெளிந்த மைலார்த் தாள் ஒட்டிய சதுர அட்டைச் சட்டங்களை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அமிலமில்லாத தாளில் சிறு உறை செய்துகொள்ளலாம். எல்லாவற்றையும் இறுக மூடும் ஒரு பெட்டியில் வைத்து, சப்பாத்துப் பெட்டிகளுடன் வரும் சிலிக்கா ஜெல் பொதிகள் சிலவற்றையும் போட்டு வைக்கவும். 2004 சுனாமிச் சேற்றில் கிடந்து மீண்ட காசு எதுவும் உங்களிடம் இருந்தால் அதை மற்றவற்றுடன் சேர்க்காமல் தனியாக வைக்க வேண்டும். உலோகத்துக்குள் ஊறிய உப்பு பல ஆண்டுகளுக்குப் பின்னும் வேலை செய்துகொண்டிருக்கும். தூளாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிகள் அதன் அடையாளம்.

பணத்தைப் பகிர்வது பற்றி ஒரு சொல். முதல் மாதத்துப் பணத்தில் குற்றி எதையும் வாங்காதீர்கள். பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்றும் அட்டைச் சட்டங்களும் வாங்குவதே முறை. அதன் பிறகும் மாதாமாதம் செலவழித்தே ஆக வேண்டும் என்றில்லை. சில மாதங்களின் பணத்தைச் சேர்த்து வைத்துப் பட்டியலில் வெறுமையாக இருக்கும் ஒரு நல்ல குற்றியை வாங்குபவரின் சேகரிப்பு, கண்டதையெல்லாம் வாங்குபவரின் சேகரிப்பைவிட விரைவில் உருப்பெறும். கொழும்புக்குப் போகும் வாய்ப்பு வந்தால் கோட்டைப் பகுதியில் சென்ரல் பொயின்ற் கட்டடத்திலுள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலையைப் பாருங்கள். மூலக் குற்றிகளைக் கண்ணால் பார்த்துப் பழகிய பின் போலி தானாகவே கண்ணில் குத்தும். ஊரில் பழைய பித்தளை வாங்கும் கடைகளும் நகைக்கடைகளும் நல்ல இடங்கள். நகைக்கடையில் வெள்ளிக் குற்றியை எடைக்கே வாங்கி உருக்குவார்கள் என்பதால், 1957 புத்தஜயந்தி வெள்ளி ஐந்து ரூபா போன்றவை உருகுவதற்கு முன் வெள்ளி விலைக்கே உங்கள் கைக்கு வரக்கூடும்.

இனி அம்மம்மாவின் பேணி. துலக்க வேண்டாம் என்பதே முதற் சொல்லும் முடிந்த சொல்லும். எங்கள் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்குவது வழக்கம்; அதே கை காசின் மேலும் பட்டால், எண்பது ஆண்டுகளில் படிந்த கருமையுடன் எழுத்தின் கூர்மையும் போய்விடும், அதைத் திரும்பப் பெற வழியில்லை. தேசிக்காயும் அப்படியே. வெறும் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் என்றால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தலாம். அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம்.

விற்பதிலும் பயனில்லை. வாங்குபவர் அலுமினியச் சதங்களுக்குத் தரும் விலை ஒரு நேரத் தேநீருக்கும் போதாது. ஆனால் வெள்ளைத் துணியொன்றை விரித்துப் பேணியைக் கொட்டி, முதலில் உலோகத்தாலும் பின்னர் பெறுமதியாலும் பின்னர் ஆண்டாலும் பிரித்தால், நான் மேலே சொன்ன இரண்டு சதப் பட்டியலில் பாதியேனும் அதற்குள்ளேயே இருக்கக்கூடும். மிகையாக உள்ளவற்றை மாற்றிக்கொள்ள வைத்திருங்கள். துளையிட்டுக் கயிற்றில் கோத்த வெள்ளிக் காசோ, மஞ்சள் துணியில் நேர்த்திக்காக முடிந்து வைத்த காசோ இருந்தால், துளைக்காகவும் கறைக்காகவும் அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். சந்தையில் மதிப்பில்லாத அந்தக் காசுகள் எந்தக் கோயிலுக்கு, யாருடைய சுகத்துக்கு முடியப்பட்டன என்று சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். பிரித்து முடிந்த பின் இரண்டு சதத்தில் 1944 ஆம் ஆண்டுக் குற்றியும் மகாராணியின் இரண்டு ஆண்டுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்; இல்லாவிட்டால், இரண்டாம் மாதத்துப் பணத்தை அந்த மூன்றுக்குமே ஒதுக்குங்கள்.